பதினேழாம் நம்பர் இலை

எங்கள் ஆய்வகத்தில் ஜெல் தொட்டியைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார்கள். இனி இலையை உறையில் வைத்து ஹைதராபாத்துக்கு அனுப்பினால் போதும். சில நாளில் விடை கணினிக்கே வந்துவிடுகிறது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள், "பாய், நீங்க ஜெல் ஓட்டுன காலத்தைப் பத்தி நம்ம ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க" என்றார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியைவிட்டு ஓடியவன். ஆனால் பத்தொன்பது வருடம் தினமும் நோட்டு எழுதியிருக்கிறேன். அதனால் எழுத்து வரும்.

என் பெயர் சிக்கந்தர். தெற்குவாசல் பக்கம் அத்தாவுக்கு அத்தர் கடை. பெரிய புட்டியிலிருந்து குன்றிமணி அளவுக் குப்பிகளில் அத்தரைச் சொட்டுச் சொட்டாக அடைப்பது என் வேலை. ஒரு சொட்டு சிந்தினால் முதுகில் ஒரு அடி. பதினான்கு வயதில் அந்தக் கடையும் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் அலுத்துப் போயின. பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கினேன். லாரியில் கிளீனராக நாக்பூர் போனேன். ரத்னகிரியில் மீன் படகுகளுக்கு ஐஸ் உடைத்தேன். போர்வெல் வண்டியில் ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். அங்கே குழாய்க்கு நடுவில் சிக்கி இடது கைச் சுண்டுவிரலில் பாதி போயிற்று. எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்குமேல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை. கால் நிற்காது, அவ்வளவுதான்.

நாற்பத்தோரு வயதில் ஊர் திரும்பியபோது, பசுமலைக்கு அப்பால் ஓர் அறக்கட்டளை நடத்திய விதைப் பண்ணையில் களையெடுக்க ஆள் கேட்டார்கள். ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று சேர்ந்தேன். ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்தேன்.

பண்ணையின் ஓரத்தில் மூன்று அறைகள் கொண்ட ஆய்வகம். அதற்குத் தலைவர் டாக்டர் செல்வநாயகி. சுற்று வட்டாரத்தில் உழவர்கள் வைத்திருக்கும் குதிரைவாலி ரகங்களைச் சேகரித்து, அவற்றில் எத்தனை உண்மையாகவே வேறு வேறானவை, எத்தனை ஒரே ரகத்துக்கு வைத்த வேறு வேறு பெயர்கள் என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. கண்ணால் பார்த்தால் குதிரைவாலி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு செடியின் டி.என்.ஏ.விலும் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு ரகத்தில் அது பத்துத் தடவை வந்தால் இன்னொன்றில் பதினைந்து தடவை வரலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு மார்க்கர் என்று பெயர். அந்தத் துண்டை மட்டும் இயந்திரத்தில் பல கோடியாகப் பெருக்கி எடுத்து, ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், நீளமான துண்டு மெதுவாக நகரும், குட்டையான துண்டு முந்தி ஓடும். பிறகு புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். இரண்டு ரகங்களின் கோடுகள் ஒரே மட்டத்தில் நின்றால் அந்த இடத்தில் இரண்டும் ஒன்று. ஏறி இறங்கி நின்றால் வேறு. ஓர் இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள். இருபது மார்க்கர் பார்ப்பார்கள்.

நான் உள்ளே போனது தரை துடைக்க. அங்கே அகரோஸ் என்ற வெள்ளைப் பொடியைக் கரைசலில் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றினார்கள். ஆறியதும் உறைந்தது. எங்கள் வீட்டில் நோன்புக் காலத்தில் செய்யும் கடல்பாசி மாதிரியே இருக்கிறதே என்றேன். "அதே பாசிதான் பாய், கொஞ்சம் சுத்தம் பண்ணது" என்றார் மேடம். உறையும்போது அதில் சீப்பைச் செருகி வைப்பார்கள். சீப்பை உருவினால் பல் இருந்த இடமெல்லாம் குழி. ஒரு குழி அரிசி அகலம்கூட இருக்காது. தட்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நீலச் சாயம் கலந்த டி.என்.ஏ.வைப் பிப்பெட்டால் குழிக்குள் இறக்க வேண்டும். கை நடுங்கினால் பக்கத்துக் குழிக்குள் போய்விடும். அன்றைக்கு வந்திருந்த மாணவருக்கு மூன்றாவது குழியிலேயே சிந்திற்று.

"மேடம், நான் ஒரு தடவ பாக்கவா?" என்றேன்.

"இதுல கை ஆடக் கூடாது பாய்."

"சின்ன வயசுல அத்தர் அடச்ச கை மேடம். ஆடுனா அடி விழும்."

பழைய ஜெல் ஒன்றையும் வெறும் சாயத்தையும் கொடுத்தார். முப்பது குழி. ஒன்றும் சிந்தவில்லை. அவர் பாராட்டவில்லை. "நாளைக்கும் இதே மாதிரி வருதான்னு பாப்போம்" என்றார். பத்து நாள் பார்த்தார். பதினோராவது நாள் துடைப்பத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, என் கையில் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொடுத்தார்.

மேடத்தின் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தடிக்கும் குறைவான உயரம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டைப் பெரும்பாலும் நின்றுகொண்டே முடித்துவிடுவார். அடுத்தவர் நோட்டை வாங்கிப் படிக்கவே மாட்டார். "நீங்களே வாசிங்க" என்பார். எழுதியவனே வாசிக்கும்போது தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே குரல் இறங்கும், அது அவருக்குத் தெரியும். பென்சில் கூடாது. அடித்தால் ஒரே கோடு, அடித்தது தெரிய வேண்டும். யாராவது நல்ல முடிவோடு ஓடி வந்தால் முதலில் சொல்வது இதுதான்: "சரி. இது தப்புன்னு வச்சுக்குவோம். எங்க தப்பாயிருக்கும்?" ஐந்து நிமிடம் அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும்.

சேகரிப்புக்கு நான்தான் போவேன். ஊர் ஊராகச் சுற்றச் சம்பளம் கொடுத்தால் என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும். கல்லுப்பட்டி, பேரையூர், அதற்குத் தெற்கே கரிசல் காடுகள். மானாவாரி நிலத்தை அங்கே காடு என்றுதான் சொல்வார்கள். ஒரு காட்டுக்குப் பத்துச் செடி, செடிக்கு ஒரு இளம் இலை. காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு டப்பாவில் மூடிக் கொண்டுவர வேண்டும். அப்படி நாற்பது காடுகளில் எடுத்தோம்.

முதல் முடிவுகள் வந்தபோதே சண்டை வந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு; ஒரு கோயில் தகராறில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு ஊரும் தங்கள் குதிரைவாலிதான் ஒசத்தி என்று வேறு வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தன. இருபது மார்க்கரிலும் கோடுகள் ஒரே மட்டத்தில் நின்றன. இதை நான் போய்ச் சொன்னதும் ஒரு ஊர்ப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அவனுக விதையும் எங்க விதையும் ஒண்ணா? அப்ப ஒங்க மெசினு பொய் சொல்லுது பாய்."

"மெசினுக்கு எது எந்த ஊருன்னு தெரியாதுங்க."

"அதான். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்காது."

அந்த நாற்பதில் பதினேழாம் நம்பர் பேச்சியம்மாளுடையது. பேரையூருக்குத் தெற்கே நாலு ஏக்கர் கரிசல். அப்போது ஐம்பது வயதிருக்கும். ஆள் ஒல்லி, வாய் கனம். அவர் வைத்திருந்த ரகத்துக்குச் சடைவாலி என்று பெயர். கல்யாணமாகி வரும்போது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மழை பொய்த்த வருடங்களில் மற்றவர்கள் காடு காய்ந்து நிற்க, இவர் காட்டில் மட்டும் கால்வாசியாவது தேறும் என்று ஊரே சொல்லும். ஐப்பசி பிறந்தால் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து விதைக்கு அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும்.

உழவர் பாதுகாத்து வரும் ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்ய அரசு வழி வைத்திருக்கிறது. பதிவாகிவிட்டால் வேறு யாரும் அதைத் தன் ரகம் என்று சொல்ல முடியாது. எங்கள் அறக்கட்டளை அப்படிச் சில ரகங்களுக்கு விண்ணப்பம் போட முடிவு செய்தது. ஏற்கெனவே உள்ள ரகமாக இருந்தால் விண்ணப்பம் போட்டுப் பயனில்லை. அதனால் ஆய்வகம் வேறு என்று சொல்கிறவை மட்டும் பட்டியலில் போகும். மாதக் கடைசியில் பட்டியல் மூடப்படும். பேச்சியம்மாளின் சடைவாலி நிச்சயம் அதில் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பதினேழாம் நம்பரின் கோடுகள், விதை டிப்போவில் விற்கும் அரசு ரகத்தின் கோடுகளோடு இருபது மார்க்கரிலும் ஒத்துப்போயின.

ஆராய்ச்சி மாணவர் தினேஷ்தான் முதலில் பார்த்தார். கெட்டிக்காரப் பையன், வாய் முந்தும். கணினிப் படத்தைக் காட்டி, "இது வாய்ப்பே இல்ல மேடம். பாய் எங்கயோ ட்யூப மாத்திட்டாரு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நான் மாத்தல தினேஷு."

"எல்லாருந்தான் மாத்தலங்குறாங்க. ஆனா மாறியிருக்குல்ல?"

மேடம் இரண்டு பேரையும் பார்த்தார். "சரி. ட்யூபு மாறியிருக்குன்னு வச்சுக்குவோம். எந்த இடத்துல மாறியிருக்க முடியும்? கடைசியிலேர்ந்து முன்னாடி போவோம்" என்றார்.

அப்படியே போனோம். முதலில் மிச்சமிருந்த அதே கரைசலை மறுபடி ஜெல்லில் ஓட்டினோம். குழியில் இறக்கும்போது தினேஷ் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். அதே மட்டம். அடுத்து, பெருக்கும் வேலையைப் புதிதாகச் செய்தோம். அதே மட்டம். அடுத்து, டப்பாவில் மீதியிருந்த காய்ந்த இலையை எடுத்து, டி.என்.ஏ.வையே முதலிலிருந்து பிரித்தோம். உரலில் இலையை அரைத்து, வெந்நீர்த் தொட்டியில் கரைசலோடு ஊறவைத்து, குளோரோஃபார்ம் விட்டுச் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக் குளிர்ந்த ஆல்கஹால் சேர்த்தால், வெள்ளையாக நூல் நூலாகத் திரளும். அதை எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் திரண்டது, ஜெல்லில் ஓட்டினோம். மறுபடியும் அதே மட்டம்.

ட்யூப் மாறவில்லை என்பது உறுதியாயிற்று. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. என் கை தப்பவில்லை என்றால் பேச்சியம்மாள் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

இதற்கிடையில் தினேஷ் ஒரு காரியம் செய்துவிட்டார். பேச்சியம்மாளுக்குப் போன் போட்டு, "பேச்சியம்மா டிப்போவுல விதை வாங்குனதுண்டா?" என்று கேட்டிருக்கிறார். உண்மையில் அது நல்ல கேள்வி. ஆனால் போனை எடுத்தது அவருடைய கொழுந்தன். ஒரே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கலெக்சன் நோட்ட வாசிங்க பாய்" என்றார் மேடம்.

பதினேழாம் நம்பர் பக்கத்தை எடுத்தேன். "காலை. மழை. சேறு அதிகம். பத்துச் செடி. வண்டிப்பாதை ஓரம்" என்று வாசித்தேன்.

"பாதை ஓரத்துல நிக்கிறதும் நடுக்காட்டுல நிக்கிறதும் ஒண்ணுதானா?"

"ஒரே காடுதான் மேடம்."

"பாத்தீங்களா?"

கரிசலில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு அடி வைத்தால் காலோடு ரெண்டு கிலோ மண் வரும். அன்றைக்கு நான் உள்ளே இறங்கவில்லை. பாதையில் நின்றபடியே கையை நீட்டிப் பத்து இலை கிள்ளினேன். பயிர் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே பச்சையாக நின்றது. உழவுச் சால் விட்டு விதைத்த காடு ஒன்றுதானே என்று நினைத்தேன். பார்க்கவில்லை, நினைத்தேன்.

மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். பட்டியல் மூட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க பாய். டிப்போக்காரி வீட்டுக்கு வழி தெரிஞ்சிருச்சா?"

"கோவப்படாதீக. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. ஊரே கேட்டுப் போச்சு. நேத்து எங் கொழுந்தன் சாவடியில வச்சுச் சொல்றாரு, 'மதினி இம்புட்டு நாளா டிப்போ மூட்டையப் பிரிச்சு நமக்கே வித்துருக்கு'ன்னு. விதைக்குச் சொல்லிவைக்க வந்த ஆளு ரெண்டு பேரு, பெறகு வாரேன்னு திரும்பிட்டாக. நான் யார்கிட்டயும் ஒத்தப் பைசா வாங்குனதில்ல பாய். படிக்குப் படி, அறுத்துத் திருப்பிக் குடுன்னுதான் குடுத்தேன்."

"வண்டிப்பாதை ஓரத்துல என்ன விதைச்சிருந்தீக?"

வெங்காயம் உரித்த கை நின்றது.

"எந்த ஓரம்?"

"அய்யனார் கோயிலுக்குப் போற பாதை. நான் அங்கனதான் இலை கிள்ளுனேன்."

அவர் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணில் வந்த நீர் வெங்காயத்தாலா என்று எனக்குத் தெரியாது.

"ஏன் பாய், ஓரச்சாலுலயா கிள்ளிட்டுப் போனீக? அது ஆட்டுக்குப் போட்டதுய்யா."

அப்புறம் விளக்கினார். மழைக்காலத்தில் அந்தப் பாதை வழியாகத்தான் கிடை ஆடுகள் போகும், வரும். எத்தனை பேர் ஓட்டினாலும் ஓரத்தில் வாய் வைக்காமல் போகாது. அதனால் பாதையை ஒட்டிய நாலைந்து சாலுக்கு யாரும் வீட்டு விதையைப் போட மாட்டார்கள். டிப்போவில் கிடைப்பதை வாங்கி வந்து தூவிவிடுவார்கள். ஆடு தின்றது போக மிஞ்சினால் அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். வீட்டு விதையோடு சேர்க்கவே மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"வாங்க, காட்டுல வச்சே காட்டுறேன்" என்று எழுந்தார்.

அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. மண் காய்ந்து வெடித்திருந்தது, நடக்கச் சிரமமில்லை. பாதையோரத்தில் குனிந்து பார்த்தேன். தாளின் அடி வெளிறிய பச்சை. ஒரு சால், இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது சாலில் தாளின் அடி கத்தரிப்பூ நிறம். அங்கிருந்து காட்டின் மறுகோடிவரை அதே நிறம். கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. நான் அன்று நின்ற இடத்திலிருந்து அது ஆறடி தூரம்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கதிர்க்கட்டை இறக்கினார். அறுப்புக்கு முன்பே நடுக்காட்டில் பார்த்துப் பார்த்து ஒடித்து வைத்த விதைக் கதிர்கள். பத்து எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"இதுலயும் டிப்போன்னு வந்துச்சுன்னா இந்தப் பக்கம் வராதீக பாய்."

"வரமாட்டேன்" என்றேன். மெய்யாகவே சொன்னேன். இதற்கு முன் பல ஊர்களை அப்படி விட்டிருக்கிறேன். இந்த ஊரை அப்படி விட எனக்கு இஷ்டமில்லை.

ஆய்வகத்தில் தினேஷும் மேடமும் இருக்கும்போதே சொன்னேன். "ட்யூப நான் மாத்தல. அதவிடப் பெரிய தப்புப் பண்ணியிருக்கேன். காட்டுக்குள்ள எறங்காம ஓரத்துல கிள்ளிட்டேன்." நோட்டில் அந்தப் பக்கத்தை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முளைக்க எத்தனை நாள்?" என்றார்.

"நாலு நாள்ல முளைச்சிரும் மேடம். இலை கிள்ளுற அளவுக்கு எட்டு நாள் வேணும்."

"அப்ப இன்னிக்கே போடுங்க."

கதிருக்கு ஒரு மணி வீதம் எடுத்து ஈரத்தாளில் வைத்தேன். தினேஷ் அன்று வீட்டுக்குப் போகும் முன் வந்து தட்டில் தண்ணீர் தெளித்தார். மறுநாளும் தெளித்தார். "ஸாரி பாய்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. எட்டு நாளும் காலையில் எனக்கு முன்பே வந்து தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது போதும்.

ஒன்பதாம் நாள் இலை கிள்ளி, அரைத்து, டி.என்.ஏ. எடுத்தேன். பத்தாம் நாள் ஜெல். பத்துச் செடியையும் தனித்தனியாகவே ஓட்டச் சொன்னார் மேடம். முதல் குழியில் டிப்போ ரகம். அடுத்த பத்துக் குழியில் பேச்சியம்மாளின் கதிர்கள். கடைசியில் மறுபடி டிப்போ ரகம். ஒவ்வொரு மார்க்கருக்கும் இப்படி ஒரு வரிசை. அரை விரலை நோட்டில் ஊன்றிக்கொண்டு வலது கையால் இறக்கினேன். நீலம் கோடாக இறங்கிக் குழியின் அடியில் படிந்தது. மூடி போட்டு மின்சாரம் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரம் சாயம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மேடம் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

கதவை மூடித் திரையை இழுத்துவிட்டு ஜெல்லை விளக்கு மேல் வைத்தோம். முதல் வரிசை. பன்னிரண்டு கோடும் ஒரே மட்டம். இரண்டாவது வரிசை. அதிலும் ஒரே மட்டம். பேச்சியம்மாள் பொய் சொல்லவில்லை, கத்தரிப்பூ நிறத்தை நான் கண்ணால் பார்த்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வரிசையில் டிப்போவின் இரண்டு கோடுகளும் இரண்டு ஓரங்களில் மேலே நின்றன. நடுவில் பத்தும் ஒரு விரல் கீழே இறங்கி நின்றன. பத்தும் ஒன்றாக.

நாலாவது வரிசையிலும் இறங்கி நின்றன. ஐந்தாவதில் மட்டம். ஆறாவதில் ஏறி நின்றன. இரண்டு நாளில் இருபதும் முடிந்தபோது பாதிக்குமேல் வேறு. அதில் ஒரு மார்க்கரில், நாற்பது காடுகளில் வேறு எதிலும் இல்லாத இடத்தில் சடைவாலிக்கு ஒரு கோடு இருந்தது. தினேஷ் கணினியில் போட்டு, எல்லா ரகங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் கிளைப் படத்தை அச்சிட்டு வந்தார். மற்றவை எல்லாம் கொத்துக் கொத்தாக நின்றன. பதினேழு மட்டும் அடியிலேயே பிரிந்து தனிக் கிளையாகப் போயிற்று.

"சரி, இது தப்புன்னு வச்சுக்குவோம்" என்று மேடம் ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் மூன்று பேரும் தப்பைத் தேடினோம். கிடைக்கவில்லை. அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, அன்றைக்கு மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதி சாப்பாட்டில், "பாய், மழையில எடுத்தது மொத்தம் எத்தன?" என்றார்.

"பதினொண்ணு மேடம்."

"எல்லாம் ஓரமா?"

"எல்லாம் ஓரந்தான்."

"திரும்ப எடுக்கணும்."

பட்டியல் கடைசி நாளில் போயிற்று. அதில் சடைவாலி இருந்தது. அடுத்த மூன்று வாரம் நான் மற்றப் பத்து வீடுகளுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் என் தப்பை நானே சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டு, விதைக் கதிர் வாங்கி வந்தேன். டிப்போ ரகம் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த இன்னும் இரண்டு ரகங்கள் டிப்போ ரகம் இல்லை என்று தெரிந்தது. அந்த வருடத்திலிருந்து எங்கள் சேகரிப்புப் படிவத்தில் ஒரு வரி கூடிற்று: ஓரத்திலிருந்து எத்தனை சால் உள்ளே. இலையை ஹைதராபாத்துக்கு அனுப்பும் இந்த நாளிலும் அந்த வரி இருக்கிறது. அந்த வரியை எழுத வைத்தது என் தப்பு. எனக்கு அதில் வெட்கமில்லை, பெருமைதான்.

விண்ணப்பத்துக்குப் பிறகு அரசு அதிகாரிகள் வயலில் வளர்த்துப் பார்த்தார்கள், பருவம் தவறாமல் அளந்தார்கள். சான்றிதழ் வரச் சில வருடம் பிடித்தது. வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பேச்சியம்மாளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். தன் பெயரை விரல் வைத்து வாசித்தார். ஊர்ப் பெயரை வாசித்தார். சடைவாலி என்ற இடம் வந்ததும் நிறுத்தி, வீட்டுக்குள் பார்த்து, "ஏத்தா, அவரச் செத்த வரச் சொல்லு" என்று கொழுந்தனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்தார். தாளை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க வாசிங்க. சாவடியில வாசிச்சாப்புல நல்லாச் சத்தமா வாசிங்க."

கொழுந்தன் வாசித்தார். நல்ல மனிதர், சத்தமாகவே வாசித்தார். முடித்துவிட்டு, "மதினி, இந்த வருசம் எனக்கு நாலு படி வேணும்" என்றார்.

"படிக்குப் படி. அறுத்துத் திருப்பிக் குடுத்துரணும்."

அப்புறம் காட்டுக்குக் கூட்டிப்போனார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பயிர் முழங்கால் உயரம். ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள இலை வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றிப் பாதையோரம் வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஐந்தாவது சாலைத் தாண்டி நடுக்காட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பேச்சியம்மாள் பாதையில் நின்று கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய் அம்புட்டுத் தூரம் போறீக?"

"ஓரத்துல கிள்ளுனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

"கிள்ளிப் பாருங்க. இந்த வருசம் ஓரச்சாலுக்கும் இதத்தான் போட்டுருக்கேன். ஆடு தின்னா தின்னுட்டுப் போகட்டும்."

குனிந்து பார்த்தேன். நடுவில் கத்தரிப்பூ நிறம். ஓரத்துக்கு வந்து பார்த்தேன், அங்கேயும் தாளின் அடி அதே நிறமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடுவில் பத்து, ஓரத்தில் பத்து என்று இரண்டு உறைகளில் தனித்தனியாகக் கிள்ளி, எந்தச் சால் என்று நனையாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வாரமே ஓட்டினேன். இருபது இலையின் கோடும் ஒரே மட்டத்தில் நின்றன.